தண்ணீர் வரும் நாளில் கணக்குப் பாடம் வேண்டாம்

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். மதுரை அனுப்பானடியில் இருக்கிறோம். 11 வயதில் மகள், 8 வயதில் மகன், 3 வயதில் கடைக்குட்டி. பெரியவள் பள்ளிக்கூடம் என்றாலே காலையில் வாந்தி எடுக்கும் அளவுக்குப் பயந்துபோனதால், இரண்டு வருடமாக மூத்தவர்கள் இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். கணவர் நல்லவர்; கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். காலை எட்டுக்குப் போனால் திரும்ப இரவு பத்தாகும். மாமியாருக்குச் சர்க்கரை, வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாக வேண்டும். பெரியவள் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்வதால்தான் சமைக்கவே முடிகிறது. ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை பள்ளிக்கூடம் மாதிரியே டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒரு நாள்கூட அதன்படி நடக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் தண்ணீர் வரும். சிலிண்டர் வரும். 'வீட்லதானே இருக்கே' என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவு பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுகிறேன். தினமும் நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்த பெரியவள், ஒரு மாதமாக அதைத் தொடவில்லை. கேட்டால், 'நீதான் படிக்கிறதே இல்லையே' என்கிறாள். பிள்ளைகள் படிப்பை நானே கெடுத்துவிட்டேனா? திரும்பப் பள்ளியில் சேர்த்துவிடவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை இன்றைக்கு 'நீதான் படிக்கிறதே இல்லையே' என்று அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். பயம் போயிருக்கிறது, அதனால்தான் வாய் திறக்கிறது.

முதல் வேலையாக அந்த டைம்டேபிளைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள். 31 வருடம் உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் சொல்கிறேன். 40 நிமிட பீரியடில் வருகை எடுத்து, நோட்டு வாங்கி, கடைசி பெஞ்சை அடக்கி, கரும்பலகையை அழித்தது போக, 40 பிள்ளைகளுக்கும் சேர்த்து எனக்கு மிஞ்சியது 25 நிமிடம். ஒரு பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று அதன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க, நாளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. உங்கள் எதிரில் உட்காருவது இரண்டே பேர். தடங்கல் இல்லாத ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் பெரியவள் தானாகப் படிக்க ஒரு மணி நேரம். ஒன்பதிலிருந்து மூன்று வரை வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடத்த எந்த அம்மாவாலும் முடியாது, அதற்கு அவசியமும் கிடையாது.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் காவல் காக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு இரண்டு விதமான நாள்தான்: தண்ணீர் வரும் நாள், வராத நாள். அதை வைத்தே பிரியுங்கள். வராத நாளில் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை கணக்கும் எழுத்தும். தண்ணீர் வரும் நாளில் குடமும் டிரம்முமாக ஓடிக்கொண்டு பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தால் கணக்கும் வராது, கோபம்தான் வரும். அன்றைக்கு வாசிப்பு மட்டும். பெரியவள் தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். சித்திரைத் திருவிழா 12 நாளும், விருந்தாளிகள் தங்கியிருக்கும் நாளும் புத்தகத்தை மூடிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் யார் வீட்டில் பாடம் நடக்கும்?

பாடவேளையில் போனைச் சைலண்டில் போட்டு அலமாரியில் வையுங்கள். யாராவது வந்தால் எழுந்து ஓட வேண்டாம். "சித்தி, பதினொரு மணி வரைக்கும் பாடம் இருக்கு. அத்தைகிட்ட பேசிக்கிட்டிருங்க, முடிச்சிட்டு வந்து காபி போடுறேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை முகம் சுளிப்பார்கள். மூன்றாவது தடவை பதினொன்றரைக்கு வருவார்கள்.

இனி வீட்டு வேலை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

என் வகுப்பில் நன்றாகப் படித்த பெண் பிள்ளைகள் திடீரென்று வராமல் போவார்கள். வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட். மறுவாரம் வந்து நிற்கும் பிள்ளையிடம் கேட்டால், "தம்பியைப் பாத்துக்கிட்டேன் டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொள்ளும். அம்மா களையெடுக்கப் போயிருப்பாள், அவளையும் குறை சொல்ல முடியாது. வருடத்துக்கு நாலைந்து பேரை இப்படி இழந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில், 'பெரியவள் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்வதால்தான் சமைக்கவே முடிகிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். வீட்டில் படிக்கும் பெண் பிள்ளை வீட்டின் இரண்டாவது அம்மாவாக மாறிவிடக் கூடாது. நாளைக்கு அரை மணி நேரம் அவள் தங்கச்சியோடு விளையாடலாம். அது போதும்.

பாடம் நடக்கும் நேரத்தில் கடைக்குட்டியை யார் பார்ப்பது? மாமியார்தான். 'உடம்புக்கு முடியாதவங்க' என்று நீங்களாக ஒதுக்கி வைக்காதீர்கள். ஒரு கிண்ணம் சப்பாத்தி மாவும் நாலு டம்ளரும் கொடுத்து மூன்று வயதுப் பிள்ளையை அவர் காலடியில் உட்கார வைத்தால் முக்கால் மணி நேரம் ஓடும். சாயங்காலம் சின்னவனுக்கு அவரே பல்லாங்குழி கற்றுக்கொடுக்கட்டும். 14 குழி, குழிக்கு 5 முத்து என்றால் மொத்தம் 70. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பையன் மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுவான். முத்தை மட்டும் குட்டியின் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

வேலையைப் பிரிக்கும்போது மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 8 வயதுப் பையன் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவலாம், துணி மடிக்கலாம், பூண்டு உரிக்கலாம். இரவு பதினோரு மணிப் பாத்திரம் இனி உங்கள் கணக்கில் கிடையாது. எட்டரைக்குள் கழுவி முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு வருகிறவர் தன் தட்டைத் தானே கழுவி வைக்கட்டும். மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு காய். ராத்திரிக்கும் அதே குழம்பு, தோசை. இரண்டு பொரியல் வைக்காததால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள்.

'சமையலே கணக்குப் பாடம், துணி துவைப்பதே அறிவியல் பாடம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. பாதி உண்மை. தோசை மாவை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை அடுப்படியிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் வைத்து, காலையில் எது எவ்வளவு பொங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ராத்திரியே வழியும் மாவு மார்கழியில் ஏன் அப்படியே கிடக்கிறது என்று சின்னவனே கேட்பான். அது பாடம். ஆனால் தினமும் எல்லா வேலையையும் பாடமாக்கினால் உங்களுக்கும் ஓய்வு இருக்காது, பிள்ளைக்கும் இருக்காது. வெங்காயம் உரிக்கிற நேரத்தில் வெங்காயம் மட்டும் உரியட்டும்.

உங்கள் கணவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். அவரிடம் அழாமல் கணக்காகச் சொல்லுங்கள். "நான் காலை அஞ்சுக்கு எழுந்து ராத்திரி பதினொண்ணுக்குப் படுக்கிறேன். சனிக்கிழமை சின்னவனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமை காலையில மூணு பேரும் உங்க பொறுப்பு" என்று. கீழமாசி வீதிக் கடையில் பையன் கற்றுக்கொள்வது கொஞ்சமல்ல. 25 கிலோ மூட்டையில் கால் கிலோ பொட்டலம் எத்தனை வரும், கிலோவுக்கு எவ்வளவு நிற்கும் என்பதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகமும் அப்பா மாதிரிச் சொல்லித்தர முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரே நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கூட்டிப்போகட்டும். 2023-இல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நீங்கள் கூடப் போக வேண்டாம். அந்த மூன்று மணி நேரம் தூங்குங்கள்.

பள்ளியில் சேர்க்கவா என்று கேட்டீர்கள். அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை இடையில் நின்றிருந்தாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர முடியும். வீட்டிலேயே தொடர்ந்தால், 14 வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அது மத்திய அரசின் கல்வி வாரியம். சான்றிதழுக்கு ஒரு மொழியாவது சேர்ந்த 5 பாடங்கள் தேவை. தமிழிலேயே எழுதலாம், ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டியதில்லை, 5 வருடத்துக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். பெரியவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம். களைப்பில் எடுக்கும் முடிவு எதுவானாலும் அவள் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

அந்த நோட்டு விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். என் மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது தினமும் காலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், "அப்புறம்டா, அப்புறம்டா" என்பேன். ஒரு நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. எத்தனையோ வருடம் கழித்துப் பரண் ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. ஒரு பக்க ஓரத்தில் என் பெருவிரல் மஞ்சள் ரேகை. வாங்கியிருக்கிறேன், படிக்கவில்லை.

நீங்கள் இன்று இரவே படியுங்கள். பாத்திரம் கிடக்கட்டும். பழைய பக்கங்களை எடுத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள், பிழை திருத்தாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகட்டும், சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வருடத்துக்கும் முன்னால் யாரோ எழுதிய பெயரை இவள் இன்றைக்கு நின்று படிப்பாள். திரும்பி வந்ததும் பார்த்ததை ஒரு பக்கம் எழுதட்டும். அவளுக்குச் சம்மதம் என்றால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். நான் படித்துவிட்டு அவளுக்கே பதில் எழுதுகிறேன்.