இன்சுலின் விளக்கம்: தலையாட்டிய முதியவர் குறித்து

வணக்கம் சகோதரி. நீங்கள் இன்சுலின் போடும் முறையை விளக்கியபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டிய முதியவர், மறுவாரம் தவறான அளவோடு திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் பெரியவர்கள் மரியாதைக்காகவே ஆம் என்பார்கள், மாறாக, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டில் எப்படிப் போடுவீர்கள் என்று செய்து காட்டுங்கள் ஐயா" என்று கேட்டால், சோதனை அவருக்கன்று, நமக்கு என்றாகிவிடும். அவர் பயன்படுத்தும் ஊசியையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி மருந்தை மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கென்று கோடிட்ட ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 4 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் குப்பி மருந்தை 40 யூனிட்டுக்கான ஊசியில் அதே கோடு வரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. அந்தக் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதையும் (நானே பலமுறை கேட்க மறந்தது இது) விசாரியுங்கள்.