தரம் 3 பிள்ளைகளுக்கு ஒரே செயற்பாட்டில் பல பாடங்களை எப்படிச் சேர்ப்பது?

மட்டக்களப்பில் கற்பிக்கிறீர்கள் என்றால் மழையைவிட நல்ல பாடம் கிடையாது. ஐப்பசி தொடங்கினால் தை வரை பெய்யும்.

மழையை அளக்கும் மழைமானி செய்ய ஒரு தண்ணீர்ப் போத்தல் போதும். பக்கங்கள் நேராக, வரிப்பள்ளம் இல்லாததாகத் தேடுங்கள். அதுதான் கொஞ்சம் அலைச்சல். வாய்ப்பக்கத்தை வெட்டி (வெட்டுவது ரீச்சர் வேலை), தலைகீழாகப் புனல் போல வையுங்கள். அடி சமமாக இருக்காது. அதனால் சின்னக் கற்களும் தண்ணீரும் போட்டு, நேர்ப்பக்கம் தொடங்கும் இடத்தில் 0 என்று குறித்து, மேலே மில்லிமீற்றர் அளவு ஒட்டுங்கள். மரத்தடியில் வைக்காதீர்கள், இலையிலிருந்து சொட்டும்.

தினமும் காலை 7.30க்கு ஒரு பிள்ளை குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து வாசிக்கட்டும். பிறகு தண்ணீரை 0க்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் நேற்றைய மழையும் சேர்ந்துவிடும். அந்தப் பிழையை உடனே திருத்தாதீர்கள். ‘நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு?’ என்று கேட்டால் கழித்தல் தானாக வரும்.

வாரக் கடைசியில் மழையளவுகளைச் சலாகை வரைபாகக் கீறினால் கணிதம். அன்றன்று ஒரு வசனம் எழுதினால் தமிழ். ‘இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள், வாவியும் முகத்துவாரமும் வந்துவிடும். அது சுற்றாடல்.

அழகியலுக்கு வசந்தன் கோலடி, அதாவது கோல்களைத் தட்டி ஆடும் நம் ஊர்க் கிராமிய ஆட்டம். சோடி சோடியாக நிற்பதால் இரண்டிரண்டாக எண்ணவும் வைக்கலாம். ஆனால் பக்கத்து வகுப்பு ரீச்சரிடம் முதலே சொல்லிவிடுங்கள்!