அத்தையிடம் ஏன் 'ஹோட்டல்' என்று சொன்னீர்கள்?

கேள்வி: சியாட்டிலில் வசிக்கிறோம். ஆகஸ்டில் எங்களுக்குப் பத்தாவது திருமண நாள். மொன்டானாவில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவில் முதுகுப்பையோடு நடந்து, கன்சைட் ஏரிக்கரையில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கப் போகிறோம். அனுமதிச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. எனக்குப் பனியாற்றைப் பார்க்க ஆசை. என் கணவருக்கோ ஏரியை விட்டு நகராமல் மீன் பிடிக்க வேண்டும். போன வருடம் வேறொரு மலையில் இப்படித்தான் அவர் தூண்டிலோடு உட்கார்ந்துவிட, நான் தனியாக நடந்து அழுதுகொண்டே திரும்பினேன். இப்போது தினமும் இதே சண்டை. ஐந்து வயது மகனை, திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கும் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, பார்த்துக்கொள்வார். பயப்படுவார் என்பதால் ஹோட்டலில் தங்குகிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். கணவருக்கு என் ஆசையை எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கன்சைட் ஏரிக்குப் பாதை சுமார் 10 கிலோமீட்டர். நடக்கும்போதே ஜாக்சன், பிளாக்ஃபுட் இரண்டு பனியாறுகளும் கண்ணில் படும். ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்து, உருகி உருகி இரண்டாகப் பிரிந்தவை அவை. போகிற நாளும் வருகிற நாளும் உங்களுக்கு, நடுவில் இருக்கும் நாள் அவருடைய தூண்டிலுக்கு. ஆனால் மூன்று நாளும் சேர்ந்தேதான் நடக்க வேண்டும். அந்தப் பூங்காவில் கிரிஸ்லி கரடிகள் மட்டும் ஏறக்குறைய 300 இருக்கின்றன. அங்கே மனைவியைத் தனியாக நடக்க விடுவது தவறு என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

மீனுக்கும் மலைக்கும் நடக்கும் சண்டை எனக்குப் புதிதல்ல. கிரிக்கெட்டா கோயிலா, என் அம்மா வீடா உன் அம்மா வீடா என்று எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். அது தீர்ந்துவிடும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது வேறு ஒரு வரி. 'ஹோட்டலில் தங்குகிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.'

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இதன் அர்த்தம் தெரியுமா? அந்தப் பாதையில் நடக்க ஆரம்பித்தால் போன் வேலை செய்யாது. முதல் நாள் ராத்திரி பையன் "அம்மாகிட்ட பேசணும்" என்று அழுவான். அத்தை போன் போடுவார், மணி அடிக்காது. ஹோட்டலில் இருப்பவர்கள் ஏன் எடுக்கவில்லை? விடிய விடிய அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மொழி தெரியாத ஊரில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்வது என்று தெரியாமல். அவர் பயப்படக் கூடாது என்றுதானே பொய் சொன்னீர்கள்? மூன்று நாள் பயத்தைக் கையில் கொடுத்துவிட்டல்லவா போகிறீர்கள்!

உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? நீங்கள் கரடியை நினைத்துப் பயப்படுவீர்கள். அந்தப் பூங்காவில் அதிகம் பேரைக் கொன்றிருப்பது தண்ணீர். பனி உருகி வருகிற தண்ணீர், பாசி படிந்த பாறை, தூண்டிலோடு ஒரு கால் வழுக்கினால் போதும். குறித்த நேரத்தில் நீங்கள் திரும்பவில்லை என்று வீட்டில் இருந்து ஒருவர் சொன்னால்தான் தேட வருவார்கள். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் அத்தைதான். அவரிடம்தான் ஏதோ ஒரு ஹோட்டல் பெயரைச் சொல்லிவைத்திருக்கிறீர்கள்.

சின்ன வயதில் என் அண்ணன் சபரிமலைக்குப் பெருவழியில் நடந்து போவான். போன் இல்லாத காலம். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றும்போது என் அம்மா சொல்வார், "இன்னைக்கு அழுதைக் கரையில படுத்திருப்பான்." மறுநாள், "கரிமலை ஏறியிருப்பான்." பார்க்காத ஊர்தான், காட்டில் யானை இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்ததால் அவரால் சோறு வடிக்க முடிந்தது. பெரியவர்களால் பயத்தைத் தாங்க முடியும். நம்மை ஏமாற்றிவிட்டார்களே என்பதைத்தான் தாங்க முடியாது. பேரனை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் என்றால், உண்மையைச் சொல்லவும் தகுந்தவர்தான். ஒன்றுக்கு மட்டும் அவரை வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. அத்தையிடம் பேச வேண்டியது உங்கள் கணவர். பொய்யில் உங்களுக்கும் பங்கு உண்டு, ஆனால் அத்தை அவரைப் பெற்ற தாய். பாதையையும் ஏரியையும் படம் காட்டிச் சொல்லட்டும். எந்த ராத்திரி எங்கே, எந்த நாள் எத்தனை மணிக்குக் கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்புவீர்கள், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் தாமதமானால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதே தாளில் உங்கள் வீட்டு முகவரியும் இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றிடமும் ஒரு நகல் கொடுத்து, தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பையனுக்கு மருத்துவம் பார்க்க அத்தைக்கு அனுமதி தந்து, கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் வேண்டும். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுத்துக்கொண்டு, ராத்திரி படுக்கும் முன் "நல்லா இருக்கோம்" என்று ஒரு வரி அனுப்புங்கள். தூண்டிலுக்குச் செலவழித்தவர் இதற்கும் செலவழிக்கட்டும்.

இவ்வளவும் கேட்டபிறகு அத்தை, "என்னால தனியா முடியாதுப்பா" என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். முகம் தூக்காதீர்கள். அவரையும் பையனையும் காரில் ஏற்றிக்கொண்டு அதே பூங்காவுக்குப் போங்கள். ஜாக்சன் பனியாறு சாலையோரத்தில் இருந்தே தெரியும், அதற்கென்றே வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். அதை முதலில் அத்தையிடம் கொடுங்கள்.