வரைபடத்தில் ஒரு சுரங்கக் குடும்பம்

கேள்வி: ஜெர்மனி – செக் எல்லை மலைகளின் வரைபடத்தில் அன்னாபெர்க், மரியன்பெர்க் என்று புனிதர் பெயர்களாக இருக்கின்றன. அங்கே சுரங்கங்கள் இருந்தனவாமே? பெயரை வைத்தே அதைக் கண்டுபிடிக்க முடியுமா ஐயா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பெரும்பாலும் முடியும் அம்மா. அந்த மலைத்தொடருக்கு ஜெர்மன் மொழியில் எர்ட்ஸ்கெபிர்க என்று பெயர். தாது மலை என்றே பொருள். 1168 வாக்கில் ஃபிரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்தது.

புனிதர் பெயர்களும் வெள்ளியால் வந்தவைதான். அன்னம்மாள் சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை. 1496-இல் எழுந்த ஊர் அன்னாபெர்க். அவர் கணவர் சுவக்கின், ஜெர்மன் மொழியில் யோவாக்கிம்; அவர் பெயரில் 1516-இல் யோவாக்கிம்ஸ்தால், மகள் மரியாள் பெயரில் 1521-இல் மரியன்பெர்க். வகுப்பில் இந்த மலைக்கு வந்தாலே முதலில் இந்தக் குடும்பத்தைத் தேடச் சொல்வேன். கால் நூற்றாண்டுக்குள் மூன்று ஊர்கள்! காட்டுக்குள் எத்தனை பேர் வெள்ளி தேடி ஏறியிருப்பார்கள் என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். யோவாக்கிம்ஸ்தாலில் அடித்த வெள்ளிக் காசு 'தாலர்' ஆனது, அதிலிருந்தே டாலர் வந்தது.

எனக்குப் பிடித்தவை சிறிய ஊர்களின் பெயர்கள்தான். அவை தொழிலையே சொல்லும். ஓடை மணலை அலசி வெள்ளீயம் எடுத்த இடம் ஸைஃபன். எல்லையோரம் உள்ள ட்ஸின்வால்ட் என்பது வெள்ளீயக் காடு. 1945-க்குப் பின் செக் பகுதியிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்க ஊரின் செக் பெயரான ட்ஸீனொவெட்ஸிலும் வெள்ளீயம் இருக்கிறது. அருகே ஆல்டன்பெர்க்கைப் பெரிதாக்கிப் பாருங்கள்; 'பிங்கே' என்று ஒரு பெரும் பள்ளம் தெரியும். குடைந்து குடைந்து உள்ளே வெற்றிடமான மலை 1620-இல் இடிந்து விழுந்த இடம் அது.

பெயர் சொல்லாததும் ஒன்று உண்டு. யோவாக்கிம்ஸ்தாலின் இன்றைய பெயர் யாகிமோவ். மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தெடுத்தது அங்கிருந்து வந்த தாதுக் கழிவிலிருந்துதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே யுரேனியம் தோண்ட அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். அந்த உலோகமும் அந்த மனிதர்களும் ஊர்ப்பெயரில் இல்லை. பிள்ளைகளுக்கு இதை நான் தனியாகச் சொல்லிக்கொடுப்பேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.