ஜிஐ (கிளைசெமிக் குறியீடு) குறைந்த உணவு சாப்பிட்டால் எடை குறையுமா? தினமும் சிங்கப்பூரின் தேக்கா உணவுக் கடைகளில் சாப்பிடுகிறவர் என்ன செய்யலாம்?

அதனால் மட்டும் குறையாது. குளுக்கோஸை 100 என்று வைத்து, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று சொல்வதுதான் ஜிஐ. 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஐஸ்கிரீமுக்கும் ஜிஐ பெரும்பாலும் குறைவுதான். அதற்காக டப்பாவைக் காலி செய்ய முடியுமா?

கடையில் ஜாஸ்மின் அரிசிச் சோற்றுக்குப் பதில் பாஸ்மதி கேளுங்கள், அதுவும் பாதி. கீரை, பருப்பு, மீனை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள். சர்க்கரை மெதுவாக ஏறும், பசியும் சீக்கிரம் எடுக்காது. தே தாரிக்கில் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) கெட்டிப்பால் இனிப்பு நிறைய. 'தே சி கோசோங்' (இனிப்பில்லாத கெட்டிப்பால் சேர்த்த தேநீர்) என்றால் சர்க்கரையே போடமாட்டார்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் சோற்றைச் சட்டென்று குறைக்காமல் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.