மேனேஜ்மென்ட் படிப்பும் சொந்தத் தொழிலும்: வடசென்னையிலிருந்து சில கேள்விகள்

எனக்குத் தண்டையார்பேட்டை. கல்லூரியில் வணிக மேலாண்மை நடத்துகிறேன். நம் பகுதிப் பிள்ளைகளும் பெற்றோரும் கடை வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறேன். பி.காம் சேரட்டுமா, பிபிஏ சேரட்டுமா? பிபிஏ படித்தால்தான் எம்பிஏ போகலாம் என்கிறார்களே?
மாணவி, கொருக்குப்பேட்டை

அப்படி எதுவும் இல்லை அம்மா. எம்பிஏ சேர ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், தேவையான மதிப்பெண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.காமில் கணக்குப் பதிவியல், வரி, வணிகச் சட்டம் எல்லாம் ஆழமாக வரும். பிபிஏவில் மார்க்கெட்டிங், ஆள் நிர்வாகம், நிதி என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். பிற்பாடு சொந்தத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் பி.காம் பக்கம்தான் நான் நிற்பேன். மார்க்கெட்டிங்கை வேலையில் கற்றுக்கொள்ளலாம், பேலன்ஸ் ஷீட் படிக்க யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி மூன்றும் பக்கத்திலேயே இருக்கின்றன. முதல் இரண்டும் அரசுக் கல்லூரிகள், கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். சேர்ந்த கையோடு அதற்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

எங்க நைனா எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். "வியாபாரத்தை எந்தக் காலேஜும் கத்துக்கொடுக்காது, கடைக்கு வா" என்கிறார். தொழில் முனைவு என்பது சொல்லிக்கொடுத்து வருமா?
பழைய வண்ணாரப்பேட்டை

நைனா சொல்வதில் பாதி சரி. ரம்ஜானுக்கு எந்த சைஸ் ஓடும், தீபாவளிக்கு எந்த நிறம் தேங்கும் என்பதெல்லாம் கடையில் நின்றால்தான் பிடிபடும். மீதிப் பாதிக்கு ஒரு பழைய பரிசோதனையைச் சொல்கிறேன். 1964-ல் டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆந்திராவின் காக்கிநாடாவில், ஏற்கெனவே சிறுதொழில் செய்துகொண்டிருந்தவர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். இலக்கு வைப்பது, அளவோடு துணிவது, முடிவைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவது, இவைதான் அந்தப் பயிற்சி. பயிற்சி எடுத்தவர்கள் அதன் பிறகு கூடுதலாக முதலீடு போட்டார்கள், கூடுதலாக ஆட்களை வேலைக்கு வைத்தார்கள். இன்று நாடு முழுக்க நடக்கும் தொழில் முனைவோர் பயிற்சிகளுக்கு அது ஒரு முன்னோடி.

நீங்கள் இன்று ராத்திரி கடை சாத்தியதும் நைனாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கடையில் இருக்கும் சரக்கின் கொள்முதல் விலை மொத்தம் எவ்வளவு? அதில் ஒரு வருஷத்துக்கு மேல் அசையாமல் கிடப்பது எவ்வளவு? மொத்த வியாபாரிக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறோம், நமக்கு எத்தனை நாளில் வருகிறது? நல்ல வியாபாரம் நடக்கும் கடைகளிலேயே இதற்கு டக்கென்று பதில் வராது. நடைமுறை மூலதனம் என்று பாடத்தில் வருவது இதுதான். பகலில் கல்லூரி, சாயங்காலம் கடை என்று நைனாவிடம் பேசிப் பாருங்கள்.

காசிமேட்டில் கருவாடு வாங்கி, சுத்தம் செய்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வியாபாரம் நடக்கிறது, கையில் காசு நிற்கவில்லை. எட்டாவதுதான் படித்திருக்கிறேன். எனக்கு ஏதாவது கோர்ஸ் உண்டா?
புது வண்ணாரப்பேட்டை

அக்கா, கோர்ஸ் அப்புறம், முதலில் கணக்கு. ஒரு பேச்சுக்கு, நெத்திலி கிலோ 400 ரூபாய் என்று வைப்போம். தலையும் தூளும் மண்ணும் போனால் 900 கிராம்தான் மிஞ்சும். அப்படியென்றால் 200 கிராம் பாக்கெட்டில் சரக்கு மட்டும் 89 ரூபாய். கவர், லேபிள் 8. உங்கள் கூலியும் ஆட்டோ செலவும் 10. ஆக மொத்தம் 107. பாக்கெட் மேல் 120 என்று போட்டால் 13 ரூபாய் லாபம் போலத் தெரியும். ஆனால் கடைக்காரர் 20 சதவீதம் எடுத்தால் 24 போய், உங்கள் கைக்கு வருவது 96. பாக்கெட்டுக்கு 11 ரூபாய் நஷ்டம். அதிகமாக விற்க விற்க நஷ்டமும் அதிகமாகும். நிறையப் பேர் விட்டுவிடுவது அந்த 100 கிராம் கழிவையும் தங்கள் கூலியையும்தான். உங்கள் நிஜ விலைகளைப் போட்டு இதே கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்.

பயிற்சிக்கு, ஈக்காட்டுத்தாங்கலில் தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. அரசு நிறுவனம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறினால் அடுத்த ஸ்டேஷன். பட்டம் வேண்டாத குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கே நடத்துகிறார்கள். அதோடு உணவுப் பொருள் விற்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம், சிறு வியாபாரத்துக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு முழுக்க இலவசம், அதற்கு யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறேன். "ஆறு மாதத்தில் எம்பிஏ, பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு சென்டரில் சொல்கிறார்கள். சேரலாமா?
திருவொற்றியூர்

வேண்டாம் தம்பி. எம்பிஏ இரண்டு வருஷப் படிப்பு, அதை ஆறு மாதத்தில் தர எந்தப் பல்கலைக்கும் அனுமதி இல்லை. பரீட்சையை அவர்கள் "பார்த்துக்கொண்டால்" மாட்டப்போவது நீங்கள். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ எந்தப் பல்கலை, எந்தக் கல்வியாண்டில், எந்தப் படிப்பை நடத்தலாம் என்ற பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. பல்கலையின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் படிப்பும் உங்கள் வருஷமும் அதில் இருக்க வேண்டும். பணத்தை நேராகப் பல்கலைக் கணக்கில் கட்டுங்கள். சென்னைப் பல்கலையின் தொலைதூரக் கல்வி நிறுவனம், மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலையான இக்னோ இரண்டையும் முதலில் பாருங்கள். வேலையை விட்டு முழுநேரம் படிக்க முடிந்தால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கு முயற்சி செய்யலாம்.

டிப்ளமோ மெக்கானிக்கல். லேத் பட்டறை போட ஆசை. எம்பிஏ முடித்தால் லோன் சுலபமாகக் கிடைக்குமா?
எண்ணூர்

எம்பிஏவைப் பார்த்து வங்கி லோன் தராது. உங்கள் டிப்ளமோவே நீட்ஸ் திட்டத்துக்குப் போதும். முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்கான மாநிலத் திட்டம் அது. திட்டச் செலவு 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையான தொழில்களுக்கு 25 சதவீதம் மானியம், உச்ச வரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. வயது வரம்பு உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினராக இருந்தால் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம் மானியம், அதை முதலில் விசாரியுங்கள். விண்ணப்பிக்கும் முன் மெஷின் கொட்டேஷன், இடத்தின் வாடகை ஒப்பந்தம், வேலை தருவதாகச் சொல்லும் இரண்டு கம்பெனிகளின் கடிதம் இவற்றைக் கையில் வைத்திருங்கள். மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, மாதத்தவணை கட்ட மாசம் எத்தனை மணி நேரம் லேத் ஓட வேண்டும் என்பதாகத்தான் இருக்கும்.

தமிழ் மீடியம் சார். மேனேஜ்மென்ட் புத்தகங்களைத் திறந்தாலே பயமாக இருக்கிறது.
வியாசர்பாடி

முதல் செமஸ்டரில் எல்லாருக்கும் இருக்கும். ஒவ்வொரு பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஐம்பது, அறுபதுதான். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் தெருக் கடையிலிருந்து ஒரு உதாரணம் போடுங்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் மேலாண்மை வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். புரியாத பாடத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன்.