கதையில் பின்னோக்கு உத்தி என்றால் என்ன?

நடப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும் கதை, முன்பு நடந்ததற்குத் திரும்பிப் போய்வருவதே பின்னோக்கு உத்தி. விளைவு முதலிலேயே தெரிந்துவிட்டால், 'என்ன ஆகும்' என்ற கேள்வி 'ஏன் ஆச்சு' என்று மாறிவிடும். ஆளை அதிகம் இழுப்பது இரண்டாவது கேள்விதான்.

பாளையங்கோட்டை டீக்கடையில், "அண்ணாச்சி, அந்தக் கல்யாணம் நின்னு போச்சு" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். "ஏன்டே?" என்று அவர் கேட்ட அப்புறம்தான் நிச்சயதார்த்தத்தில் நடந்த சண்டை வெளியே வரும்.

சிலப்பதிகாரத்தின் முன்னுரையாக வரும் பதிகம் இதை எவ்வளவு அழகாகச் செய்கிறது! ஒரு முலை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணுலகம் போனதைக் குன்றக் குறவர்கள் இளங்கோவடிகளிடம் முதலில் சொல்கிறார்கள். மதுரையில் நடந்ததை, உடனிருந்த புலவர் சாத்தனார் அப்புறம்தான் விளக்குகிறார்.

பாத்திரத்துக்குப் பழைய நினைவு வந்தாலே பின்னோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது, கதையே அந்தக் காலத்துக்குப் போய் நடக்க வேண்டும்.